ராயகிரி வட்டாரமும் படத்தின் பின்புறத்து ஒரு வரியும்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி நோக்கிச் செல்லும் சாலையில் பயணம் செய்யும் அன்பர்களுக்கு வலப்புறம் முழுவதும் மேற்குத் தொடர்ச்சி மலையே துணை. சேத்தூர், தேவதானம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். மலை மட்டும் மாறாமல் கூடவே வரும். இந்த மலையடிவாரத்தில் சிவகிரிக்கு அருகே அமைந்துள்ள பேரூர்தான் ராயகிரி. 'கிரி' என்றால் மலை. தன் பெயரிலேயே மலையைத் தாங்கி நிற்கும் ஊர் அது. முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் சங்கரன்கோவில் வட்டாரத்தைச் சேர்ந்ததாக அறியப்பட்ட இப்பகுதி, 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தென்காசி மாவட்டம் உதயமானது முதல் அம்மாவட்டத்தின் வட எல்லைப் பகுதியாக விளங்குகிறது.

யாத்திரை செய்யும் அன்பர்கள் ராயகிரியை நடுவில் வைத்துச் சுற்றிலும் நோக்கினால் ஓர் அரிய அமைப்பு புலப்படும். தென்பாண்டி நாட்டின் ஐம்பூதத் தலங்கள் என்று பெரியோர் போற்றும் ஐந்து சிவாலயங்களும் இவ்வட்டாரத்திலேயே அமைந்துள்ளன. சங்கரன்கோவில் மண் தலம். கரிவலம்வந்தநல்லூர் நெருப்புத் தலம். தாருகாபுரம் நீர்த் தலம். தென்மலை காற்றுத் தலம். விருதுநகர் மாவட்டத்து எல்லைக்குள் அடங்கும் தேவதானம் ஆகாயத் தலம். காஞ்சியிலும் திருவானைக்காவிலும் திருவண்ணாமலையிலும் காளத்தியிலும் தில்லையிலுமாக நெடுந்தொலைவு விரிந்து கிடக்கும் பஞ்சபூதத் தரிசனத்தை, மகா சிவராத்திரி அன்று ஒரே நாளில் நிறைவு செய்யும் பேறு இப்பகுதி மக்களுக்கு வாய்த்திருக்கிறது. ஐந்து தலங்களையும் அன்று வலம் வரும் அடியார் கூட்டம் ஆண்டுதோறும் பெருகி வருகிறது.

ஐந்து தலங்கள், ஐந்து வரலாறுகள்

தேவதானத்தில் எழுந்தருளியுள்ள பெருமானுக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்பது திருநாமம். பாண்டியனை வஞ்சனையால் கொல்லக் கருதிய பகைவேந்தன் நஞ்சு தோய்த்த ஆடையைப் பரிசாக அனுப்பினான் என்றும், அந்த நச்சாடையின் தீங்கு மன்னனைத் தீண்டாதபடி இறைவன் காத்தருளினார் என்றும் தல வரலாறு கூறுகிறது. அம்பிகை தவம்பெற்ற நாயகி. தாருகாபுரத்துப் பெருமான் மத்தியஸ்தநாதர். வேந்தர்களுக்கிடையே மூண்ட பிணக்கை நடுவராக நின்று தீர்த்து வைத்தமையால் அப்பெயர் பெற்றார் என்பர். வழக்கும் வம்பும் மிகுந்த இக்காலத்தில் உடன்பிறந்தார் இருவர் சேர்ந்து சென்று வணங்க வேண்டிய சந்நிதி அது. தென்மலையில் திரிபுரநாதரும் கரிவலம்வந்தநல்லூரில் பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மையும் அருள் பாலிக்கின்றனர்.

சங்கரன்கோவிலின் பெருமையை இவ்விதழின் அன்பர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர், சிவனே பெரியவன், திருமாலே பெரியவன் என்று வாதிட்டனர். அவ்வாதம் தீர, இருவரும் ஒருவரே என்று காட்டும்படி அம்பிகை தவம் இயற்றினாள். ஒருபாதி சங்கரனாகவும் மறுபாதி நாராயணனாகவும் இறைவன் காட்சி கொடுத்தருளிய நாளே ஆடித் தபசு. அந்த நாளில் விவசாயப் பெருமக்கள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் பிற விளைபொருள்களையும் அம்மன் முன் சூறைவிட்டு மகிழ்வர். கொடியேறிய பின்னர் ஆலயத்தை நூற்றெட்டு முறை சுற்றிவரும் ஆடிச்சுற்றும் உண்டு. இங்குப் பிரசாதமாக வழங்கப்பெறும் புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, நீரில் கலந்து அருந்தி, நோய் தீர்ந்ததாகச் சொல்லும் குடும்பங்கள் பல.

இதே ஆலயத்தில்தான் மற்றொரு செய்தியும் வழங்கி வருகிறது. வாசுதேவநல்லூரை அடுத்த நெற்கட்டும்செவலை ஆண்டு, கப்பம் கட்ட மறுத்து, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கும்பெனிப் படையை எதிர்த்து நின்ற பூலித்தேவர், இறுதியில் இக்கோயிலுக்குள் புகுந்து சோதியில் மறைந்தார் என்று இவ்வட்டாரத்துப் பெரியோர் சொல்வர். அவர் காலத்தில் புகைப்படம் என்பதே உலகில் இல்லை. அச்செய்தியைக் காத்து நம் கையில் கொடுத்தது ஊராரின் நாவுதான். தாத்தா பேரனுக்குச் சொன்னார். பேரன் தாத்தாவான பின் தன் பேரனுக்குச் சொன்னார். ஒரு தலைமுறை வாய் மூடியிருந்தால் அந்த வரலாறு அங்கேயே அறுந்து போயிருக்கும்.

குலதெய்வத்தின் சந்நிதியில் மூன்று தலைமுறை

இந்த மலையடிவாரத்து மக்களின் வழிபாடு பெருங்கோயில்களோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. காவல் தெய்வங்கள் உண்டு. அம்மன் கோயில்கள் உண்டு. பிழைப்பின் பொருட்டுச் சென்னை, பெங்களூரு, மும்பை, வளைகுடா நாடுகள் என்று சிதறிப் போன குடும்பங்களும் பங்குனி உத்திரம் வந்துவிட்டால் தங்கள் சாஸ்தா கோயிலைத் தேடி வந்துவிடுவர். நெல்லைச் சீமைக்கே உரிய வழக்கம் இது. ஆண்டு முழுவதும் பூட்டிய வீடுகள் திறக்கப்படும். பொங்கல் பானைகள் வரிசையாக அடுப்பேறும். தொண்ணூறு வயதுப் பாட்டியின் அருகில் மூன்று மாதக் குழந்தை கிடத்தப்பட்டிருக்கும். கோடையில் அம்மன் கோயில்களிலும் சுடலைமாடசுவாமி கோயில்களிலும் கொடை நடைபெறும். வில்லுப்பாட்டில் தெய்வத்தின் கதை இரவு முழுவதும் ஒலிக்கும். மேளத்தின் முழக்கத்தில் கோமரத்தாடி மீது அருள் இறங்கும்.

இத்தகைய நாள்களில் வயதில் மூத்தவர்கள் கவனித்திருக்கக் கூடிய காட்சி ஒன்று உண்டு. இளைஞர்கள் எல்லோரும் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். 'சாமியைக் கும்பிடாமல் இதென்ன வேடிக்கை?' என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. அவர்களது வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. கண்ணால் கண்டு, நெஞ்சில் நிறுத்த வேண்டிய தரிசனத்தைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புவது தரிசனம் ஆகாது.

ஆயினும் இந்த வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதே பெரியவர்களின் வீட்டுச் சுவரைப் பாருங்கள். கண்ணாடிச் சட்டமிட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் அங்கே தொங்குகின்றன. கும்பாபிஷேகத்தன்று கலசத்தோடு நிற்கும் திருப்பணிக் குழுவினர், தேர்வடம் பிடித்த இளவட்டங்கள், மண்டகப்படி நாளில் சப்பரத்தில் எழுந்தருளிய உற்சவர், நாகஸ்வரக் கலைஞர்கள், சந்தனக்காப்பு அணிந்த அம்மன். அந்நாளில் பக்கத்து ஊர் ஸ்டூடியோக்காரர் முக்காலியையும் பெட்டிக் காமிராவையும் சுமந்து வந்து, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து எடுத்த படங்கள் அவை. அன்று அவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த சிறுவர்கள்தாம் இன்றைய தாத்தாக்கள்.

அந்தப் படங்களின் மதிப்பை நாம் முழுவதும் உணர்ந்தோம் இல்லை. உணர்த்துவதற்குத் தாமிரபரணிக் கரையில் நடந்த ஒரு நிகழ்ச்சியே போதும்.

கல்லிடைக்குறிச்சி ஆடவல்லான் திரும்பி வந்த வரலாறு

ராயகிரிக்குத் தெற்கே, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், அம்பாசமுத்திரத்தை அடுத்து இருக்கிறது கல்லிடைக்குறிச்சி. அங்கே குலசேகரமுடையார், அறம்வளர்த்த நாயகி திருக்கோயிலில் நடராஜப் பெருமானின் பழமையான செப்புத் திருமேனி ஒன்று வழிபடப்பட்டு வந்தது. 1982-ஆம் ஆண்டில் ஒருநாள் கோயிலின் பூட்டை உடைத்த கள்வர்கள், நடராஜரையும் உடனிருந்த வேறு திருமேனிகளையும் கவர்ந்து சென்றனர். காவல் துறையில் வழக்குப் பதிவாயிற்று. துப்புத் துலங்கவில்லை. சில ஆண்டுகளில் வழக்கும் முடித்து வைக்கப்பட்டது. ஊரார் மனம் மட்டும் ஆறவில்லை. ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் ஆண்டுதோறும் வந்து போயின. ஆடவல்லான் இல்லாத ஆலயத்தில் அந்த நாள்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை வழிபடுவோர் உள்ளமே அறியும்.

பெருமான் கடல் கடந்து ஆஸ்திரேலியா சென்றிருந்தார். அடிலெய்டு நகரில் உள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடத்தில், கண்ணாடிக்குள், அபிஷேகமும் நிவேதனமும் இன்றிக் காட்சிப் பொருளாக நின்றிருந்தார். அவர் கல்லிடைக்குறிச்சிப் பெருமானே என்பதை மெய்ப்பிக்கத் துணை நின்றது, களவுக்கு முன்பு அக்கோயிலில் எடுக்கப்பெற்றுப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த ஒரு புகைப்படம். 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, ஆடவல்லான் தமிழகம் திரும்பினார். அவரைக் கொண்டுபோனபோது குழந்தைகளாக இருந்தவர்கள் நடுவயதைக் கடந்து நின்று வரவேற்றார்கள். அவரை நாள்தோறும் கண்டு வணங்கிய முதியோர் பலர் அந்த நாளைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

ஒரு படம் எப்படி இவ்வளவு உறுதியான சாட்சி ஆயிற்று என்று கேட்கலாம். நம் முன்னோரின் வார்ப்பு முறையில் விடை இருக்கிறது. ஸ்தபதி முதலில் தேன்மெழுகில் மூர்த்தியை வடிப்பார். அதன்மீது மண் பூசி உலர்த்திச் சூடேற்றும்போது மெழுகு உருகி வெளியேறிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பார். ஆறிய பின் மண்ணை உடைத்துத்தான் திருமேனியை வெளியே எடுக்க வேண்டும். ஆகவே ஒரு கருவில் ஒரு மூர்த்தி மட்டுமே பிறப்பார். அவரைப் போலவே இன்னொருவர் இருக்க இயலாது. திருவாசியின் தீச்சுடர்கள், சடையின் விரிவு, பீடத்தின் அமைப்பு, நூற்றாண்டுக் கால அபிஷேகத்தால் தேய்ந்த இடங்கள், என்றோ ஏற்பட்ட சிறு ஊறு என ஒவ்வொன்றும் தனி அடையாளம். நம் உள்ளங்கை ரேகையைப் போன்றவை அவை. பழைய படத்தையும் மூர்த்தியையும் அருகருகே வைத்து ஒப்பிடும்போது உண்மை தானே வெளிப்பட்டுவிடுகிறது.

முகமறியாத் தலைமுறைகளின் தொடரோட்டம்

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கப்பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்தே அதன் ஆய்வாளர்களும் புகைப்படக்காரர்களும் தென்னாட்டுக் கோயில்களுக்குச் சென்று, அனுமதி பெற்று, கட்டடங்களையும் கற்சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் படமெடுக்கத் தொடங்கினர். சாலை வசதி இல்லாத காலம் அது. வண்டி கட்டியும் நடந்தும் சென்ற சிற்றூர்கள் எத்தனையோ. இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றை எடுத்தவர்கள் களவைத் தடுக்கும் நோக்கத்தோடு எடுக்கவில்லை. சிற்பக் கலையையும் ஆகம வழிபாட்டையும் ஆராயவே எடுத்தனர். ஆனால் ஒவ்வொரு படத்தோடும் ஊரின் பெயரையும் கோயிலின் பெயரையும் மூர்த்தியின் பெயரையும் நாளையும் பொறுமையாகக் குறித்து வைத்தனர். அந்தக் குறிப்பே அரைநூற்றாண்டுக்குப் பின் பெரும் பயன் தந்தது.

மயிலாடுதுறைப் பகுதியில் உள்ள ஆனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயிலின் வரலாறும் இதே போன்றது. 1958-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அக்கோயிலின் ராமர், சீதை, இலக்குவன், அனுமன் திருமேனிகள் படமெடுக்கப்பட்டன. 1978-இல் அவை களவுபோயின. நாற்பது ஆண்டுகள் கடந்தன. இந்தியா பிரைடு புராஜெக்ட் என்னும் தன்னார்வலர் அமைப்பினர் இத்திருமேனிகள் லண்டனில் இருப்பதைக் கண்டறிந்து அரசுக்குத் தெரிவித்தனர். 1958-ஆம் ஆண்டுப் படங்களோடு ஒப்பிட்டு உறுதி செய்யப்பட்ட பின், அவற்றை வைத்திருந்தவர் தாமாகவே ஒப்படைக்க இசைந்தார். 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் ராமரும் சீதையும் இலக்குவனும் லண்டனில் உள்ள இந்தியத் தூதரகத்தில் ஒப்படைக்கப்பட்டுத் தாய்நாடு திரும்பினர்.

அந்தத் தன்னார்வலர் அமைப்பைச் சிங்கப்பூரில் பணிபுரிந்த தமிழரான எஸ். விஜயகுமாரும் அனுராக் சக்சேனாவும் தொடங்கினர். இவர்களோடு சேர்ந்தவர்கள் உலகின் பல மூலைகளில் வாழும் சாமானியர்கள். பகலில் தம் அலுவலைப் பார்த்து, ஓய்வு நேரத்தில் ஏலக்கடைப் பட்டியல்களையும் அருங்காட்சியகப் படங்களையும் நம் கோயில்களின் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இவர்களது தொண்டு. உழவாரப் படை ஏந்திய அடியார்களின் வழியில் வந்த புதியதோர் உழவாரம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். ஆனந்தமங்கலத்தில் 1958-இல் காமிராவைத் தூக்கி நின்றவர் ஒரு தலைமுறை. மூர்த்தியை வெளியே எழுந்தருளச் செய்து, 'இன்ன பெருமான், இன்ன ஊர்' என்று சொல்லிய கோயிலார் அதற்கும் மூத்த தலைமுறை. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பயன்படுத்தியவர்கள், அன்று பிறந்தே இராதவர்கள். இவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆயினும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குத் தீபத்தைக் கைமாற்றுவது போல் ஒரே தொண்டைச் செய்து முடித்தார்கள். நடுவில் ஒருவர் தம் பங்கைச் செய்யாது விட்டிருந்தாலும், அந்தப் படத்தில் ஊர்ப்பெயர் எழுதப்படாமல் இருந்திருந்தாலும், பெருமான் இன்னும் அயல்நாட்டிலேயே இருந்திருப்பார்.

புகைப்படம் நம் நாட்டுக் கோயில்களுக்குள் வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1858-இலேயே லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி சென்னை மாகாண அரசுக்காக மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் ஆலயங்களைப் படமெடுத்தார். அவற்றில் காணும் கோபுரங்களையும் மண்டபங்களையும் இன்றைய தோற்றத்தோடு ஒப்பிட்டுத் திருப்பணிகளின் வரலாற்றை அறிய முடிகிறது. அரசும் ஆய்வு நிறுவனமும் பெரிய கோயில்களைக் கவனித்தன. ராயகிரி போன்ற ஊர்களில் உள்ள அம்மன் கோயிலையும் சாஸ்தா கோயிலையும் யார் படமெடுத்தார்கள்? ஊர் ஸ்டூடியோக்காரர்தாம். அந்தப் படம் எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டுச் சுவரில், மரப்பெட்டியில், பழைய ஆல்பத்தில் இருக்கிறது. இதன் மதிப்பை உணர்ந்துதான் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, புதுச்சேரியை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி ஆவணமாக்கும் பணியை மேற்கொண்டனர்.

எல்லை அறிந்த தொண்டு

இப்படிச் சொல்வதால் கோயிலுக்குள் கண்டபடி படமெடுக்கலாம் என்று பொருளாகாது. கருவறையில் எழுந்தருளியுள்ள மூலவரைப் படமெடுப்பது மரபன்று. ஆகமம் வகுத்த எல்லையைக் கருவியின் வசதிக்காக மீறக்கூடாது. திருக்கோயில்களின் தூய்மையையும் அமைதியையும் காக்கும் பொருட்டு, தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டு செல்வதைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் உத்தரவிட்டதை அன்பர்கள் அறிவர். திருச்செந்தூர்த் திருக்கோயிலை ஒட்டி எழுந்த வழக்கில் பிறந்த உத்தரவு அது. பெரியவர்களின் முகச்சுளிப்பில் நியாயம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஆனால் உற்சவமூர்த்தி வீதிக்கு எழுந்தருளுவதே எல்லோரும் காண வேண்டும் என்பதற்காகத்தான். கோயிலுக்கு வர இயலாத முதியோரையும் நோயாளிகளையும் தேடிப் பெருமானே தெருவுக்கு வருகிறார். அந்தப் புறப்பாட்டையும் தேரோட்டத்தையும் கொடையின் முளைப்பாரியையும் பொங்கலிடும் குடும்பங்களையும் படமெடுப்பதில் தடையேதும் இல்லை. கோயிலில் உள்ள திருமேனிகளை முறையாகப் படமெடுத்துப் பதிவு செய்வது கோயில் நிர்வாகத்தாரின் பொறுப்பு. தொன்மையான திருமேனிகளைப் படத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக்கருவூலங்கள் சட்டத்தின் நெறி. அறநிலையத் துறையின் கீழ் வராத குடும்பக் கோயில்களிலும் பங்காளிகள் ஒன்றுகூடி இதைச் செய்து வைப்பது நலம்.

மற்றொரு எச்சரிக்கையும் தேவை. நகைகளின் விவரம், பெட்டகம் இருக்கும் இடம், பூட்டின் அமைப்பு ஆகியவை தெரியும் படங்களைப் பலரும் காணும்படி பரப்பலாகாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் வழிபாடு குன்றிக் கவனிப்பாரற்றுக் கிடந்த கோயிலிலிருந்து நடராஜர் முதலிய திருமேனிகள் களவாடப்பட்டன. அந்த நடராஜரும் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை சென்று, பழைய படத்தின் சாட்சியத்தால் 2014-இல் திரும்பி வந்தவரே. ஊரார் கூடுகிற கோயிலுக்கு ஊராரே காவல். படம் என்பது காவல் தவறிய பின் உதவும் சாட்சி. இரண்டும் வேண்டும்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

இவ்விதழைப் படிக்கும் மூத்த அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய படங்களை ஒருநாள் இறக்கி வையுங்கள். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தையும் காட்டி, 'இது எந்தக் கோயில், எந்தத் திருவிழா, ஏறத்தாழ எந்த ஆண்டு, சப்பரத்துக்கு முன்னால் நிற்பவர் யார், நாயனம் வாசிப்பவர் எந்த ஊர், அந்த ஆண்டு மண்டகப்படி யாருடையது' என்று சொல்லுங்கள். பேரன் அதைக் கைப்பேசியில் உங்கள் குரலிலேயே பதிவு செய்யட்டும். பேத்தி படத்தின் பின்புறத்தில் எழுதட்டும். பேனாவின் மை காலப்போக்கில் மறுபுறம் ஊறிவிடும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுவதே நல்லது.

படத்தைச் சட்டத்திலிருந்து எடுக்க முயன்று, அது கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுத்துக் கிழிக்க வேண்டா. அப்படியே பகல் வெளிச்சத்தில், கண்ணாடியில் ஒளி பட்டுத் தெறிக்காதபடி சற்றே சாய்த்து வைத்துக் கைப்பேசியால் நகலெடுத்துக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்டிலும் 1970-களிலும் 1980-களிலும் எடுத்த வண்ணப் படங்களே விரைவில் வெளிறிப் போகின்றன. ஆகவே அவற்றுக்கே முதலிடம் கொடுங்கள். ஈரச்சுவரில் மாட்டியிருப்பவற்றை உடனே இடம் மாற்றுங்கள். நகலெடுத்த படங்களில் ஒரு தொகுதியைக் கோயில் நிர்வாகத்தாரிடம் கொடுத்து வையுங்கள். கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்குமுன் கோபுரச் சுதைகளையும் பழைய கல்வெட்டுகளையும் படமெடுத்து வைக்குமாறு ஊர் இளைஞர்களிடம் சொல்லுங்கள். புதுப்பூச்சும் வண்ணமும் ஏறிய பின், முன்பிருந்த வடிவம் எது என்று கேட்டால் சொல்ல ஆளிராது.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். எடுத்த படங்களில் ஆயிரத்தில் ஒன்றுக்கேனும் பெயரும் நாளும் குறித்து வையுங்கள். பெயரில்லாத படம் பெற்றோரறியாத பிள்ளை போல. கைப்பேசி மாறும்போது அதுவும் காணாமற்போகும். உங்கள் பாட்டனார் கையில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. அதை அவர் ஐம்பது ஆண்டுகள் காத்துவிட்டார். உங்கள் கையில் பத்தாயிரம் படங்கள் இருக்கின்றன. அவற்றில் எது ஐம்பது ஆண்டு நிற்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இப்பணிக்குப் பணம் வேண்டா, பெரிய கருவிகள் வேண்டா. வேண்டுவது காலம் ஒன்றே. அந்தக் காலம்தான் மூத்தவர்களிடம் குறைந்துகொண்டே வருகிறது. படத்தில் உள்ள முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய கடைசி ஒருவர் மறைந்துவிட்டால், அந்தப் படம் வெறும் தாளாகிவிடும். அடுத்த பங்குனி உத்திரம் வரை தள்ளிப் போட வேண்டிய காரியம் அன்று இது.

கரிவலத்தில் நிறைவு

ஐம்பூதத் தல யாத்திரையைக் கரிவலம்வந்தநல்லூரில் நிறைவு செய்யும் அன்பர்கள் அங்கு வழங்கும் ஒரு வரலாற்றைக் கேட்காமல் திரும்பலாகாது. வரதுங்க பாண்டியர் என்னும் மன்னர் பால்வண்ணநாதர்மீது பெரும் பக்தி பூண்டவர். அவருக்குப் பிள்ளைப் பேறு இல்லை. தமக்குப் பின் கடன் கழிப்பார் யாருமில்லையே என்று அவர் வருந்தினார். மன்னர் மறைந்தபோது இறைவனே மகனாக வந்து ஈமக்கடனை நிறைவேற்றினார் என்றும், ஆண்டுதோறும் அவருக்குத் திதி கொடுப்பவரும் இறைவனே என்றும் தலத்தார் சொல்வர்.

பிள்ளை இல்லாதவருக்குப் பெருமானே பிள்ளையாக நின்றார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெற்ற நாம் முன்னோர்க்குச் செய்யும் கடனில் அவர்தம் பெயரை மறவாதிருத்தலும் ஒன்று. தர்ப்பணத்தின்போது மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கிறோம். அதே மூன்று தலைமுறையின் பெயரைப் படத்தின் பின்புறத்தில் ஒரு வரியாக எழுதி வைப்பதும் அக்கடனைச் சேர்ந்ததே.

ராயகிரிப் பக்கம் செல்லும் அன்பர்கள் ஐந்து தலங்களையும் சேவித்து, அவரவர் குலதெய்வத்தின் சந்நிதியில் பொங்கலிட்டு வணங்கி, வீடு திரும்பியதும் அந்த மரப்பெட்டியைத் திறப்பார்களாக. சங்கரநாராயணரும் கோமதியம்மையும் அதற்கு வேண்டிய உடல்நலத்தையும் நினைவாற்றலையும் அருள்வார்களாக.